எந்த மீன், எவ்வளவு, யாருக்கு? கடலுணவு சாப்பிடத் திட்டமிடுவோருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒருவர் கருவுற்றதும் மீனைப் பற்றி ஆளுக்கொரு தீர்ப்பு வந்துவிடும். ஒரு மருத்துவர் வாரம் இரண்டு முறை கட்டாயம் சாப்பிடுங்கள் என்பார். இன்னொருவர் பாதரசம் இருக்கிறது, தொடவே வேண்டாம் என்பார். உறவினர்கள் சொல்வதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. இரண்டு பேரும் பாதி சரி என்பதைப் பிடிப்பதற்குள் பல நாட்டு அரசு அட்டவணைகள், பரிசோதனைச் சீட்டுகள், லேபிள்கள் என்று ஒரு கோப்பே சேர்ந்துவிட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். முதல் மூன்று படிகளை முடித்தாலே முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1. யார் சாப்பிடப்போகிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்

மீனைப் பற்றிய அறிவுரை எல்லோருக்கும் ஒன்றல்ல. வீட்டில் இருப்பவர்களைப் பிரித்து எழுதுங்கள். கருவுற்றவர், கருவுறத் திட்டமிடுபவர், பாலூட்டுபவர், சிறு குழந்தைகள் ஆகியோர் ஒரு பக்கம். இவர்களுக்குப் பாதரசம்தான் முதல் கவலை, ஏனென்றால் மெத்தில் பாதரசம் வளரும் மூளையையும் நரம்புகளையும் தாக்குகிறது. கல்லீரல் நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், முதியவர்கள் இன்னொரு பக்கம். இவர்களுக்குக் கிருமிதான் முதல் கவலை. மீதமுள்ள ஆரோக்கியமான பெரியவர்களுக்கு மீன் சாப்பிடுவதைவிடச் சாப்பிடாமல் இருப்பதில்தான் பெரும்பாலும் இழப்பு அதிகம். மீன், இறால், நண்டு வகைகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தக் கட்டுரையை விட்டுவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

அடுத்து ஒரு தாளில் இரண்டு வாரங்களுக்கு மீன் கணக்கு எழுதுங்கள். மீனின் பெயர், பெரிய மீனின் துண்டா, முழுச் சிறு மீனா, தோராயமாக எத்தனை கிராம், எப்படிச் சமைத்தது ஆகிய நான்கு விவரங்கள் போதும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. பின்னால் மருத்துவரிடம் போனால் அவருக்கு மிகவும் பயன்படும் ஆவணமும் இதுதான். “அடிக்கடி மீன் சாப்பிடுவேன்” என்று வாயால் சொன்னால் எந்த மருத்துவராலும் கணக்குப் போட முடியாது.

2. சிறிய மீனைத் தேர்ந்தெடுங்கள்

கடலில் கலக்கும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது நுண்ணிய உயிரிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே மற்ற மீன்களைத் தின்று நெடுநாள் வாழும் பெரிய மீனில்தான் அது குவிந்திருக்கும்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தொகுத்த சராசரிகளைப் பாருங்கள். ஒரு கிலோ மீனில் இத்தனை மில்லிகிராம் பாதரசம் என்பது கணக்கு. மத்தி இனங்களில் 0.013, நெத்திலி இனங்களில் 0.016, சால்மனில் 0.022, கணவாயில் 0.024, இறாலில் 0.009. மறுபக்கம் வாள்மீனில் 0.995, சுறாவில் 0.979, கிங் மேக்கரல் என்ற பெரிய கானாங்கெளுத்தி இனத்தில் 0.730, பெருங்கண் சூரையில் 0.689. மத்திக்கும் வாள்மீனுக்கும் இடையே எழுபது மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. “மீனில் பாதரசம் இருக்கிறதா” என்ற கேள்விக்கு ஒரே பதில் சொல்லவே முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இங்கே பலரும் விழும் குழி சூரை. எல்லாச் சூரையும் ஒன்றல்ல. டப்பாவில் வரும் ‘லைட்’ வகையில் (பெரும்பாலும் சிறிய ஸ்கிப்ஜாக் சூரை) சராசரி 0.126. அல்பகோர் எனப்படும் வெள்ளைச் சூரை டப்பாவில் 0.350, அதாவது ஏறத்தாழ மூன்று மடங்கு. இரண்டு டப்பாக்களும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வாங்கும்போது எந்தச் சூரை என்ற சிறிய எழுத்தைப் படியுங்கள்.

இன்னொரு குழி, வெளிநாட்டு அட்டவணையை அப்படியே நம் மீன்மீது பொருத்துவது. அமெரிக்கப் பட்டியலில் தவிர்க்கச் சொல்லியிருக்கும் கிங் மேக்கரலும் நம் வஞ்சிரமும் ஒரே பேரினம்தான், ஆனால் ஒரே மீன் அல்ல. அந்த எண்ணை வஞ்சிரத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காக அது மத்தியைப் போன்றது என்றும் நினைக்க வேண்டாம். அதுவும் வேட்டையாடும் மீன், பெரிதாக வளரும் மீன். கருவுற்றவருக்கும் குழந்தைக்கும் பெரிய வஞ்சிரத்தை அடிக்கடி கொடுக்க மாட்டேன். பெயரில் சந்தேகம் வந்தால் அறிவியல் பெயரை வைத்துத் தேடுங்கள்.

செலவைப் பொறுத்தவரை இந்தப் படி பணத்தை மிச்சப்படுத்தும். பாதரசம் குறைந்த சிறு மீன்கள்தான் பொதுவாக விலையும் குறைந்தவை. பெரிய மீனின் துண்டுக்குக் கூடுதல் பணமும் கொடுத்துக் கூடுதல் பாதரசத்தையும் வாங்கி வருவதைப் போன்ற வேடிக்கை வேறில்லை.

3. உங்கள் எடைக்கு ஒரு கணக்குப் போடுங்கள்

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2003-இல் வகுத்த வரம்பு இது: உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் இதை 1.3 ஆகக் குறைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அளவு இன்னும் கடுமையானது. அது நாளுக்கு 0.1, அதாவது வாரத்துக்கு 0.7.

கணக்கு எளிது. எடை 60 கிலோ என்றால் முதல் வரம்பின்படி வாரத்துக்கு 96 மைக்ரோகிராம், ஐரோப்பிய வரம்பில் 78, அமெரிக்க அளவில் 42. அட்டவணையில் உள்ள மில்லிகிராம் எண்ணை நூறால் பெருக்கினால் 100 கிராம் மீனில் எத்தனை மைக்ரோகிராம் என்று வந்துவிடும். அல்பகோர் டப்பாவில் 35. ஒருமுறை சாப்பிட்டால் கடுமையான வரம்பின் பெரும்பகுதி முடிந்தது. வாள்மீனில் கிட்டத்தட்ட 100. ஒரே வேளையில் மூன்று வரம்புகளும் தாண்டிவிடும். மத்தியில் வெறும் 1.3. கடுமையான வரம்பை எட்டுவதற்கே வாரத்துக்கு மூன்று கிலோவுக்கு மேல் தின்றாக வேண்டும்.

இப்போது 15 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் போடுங்கள். தாராளமான வரம்பிலேயே 24 மைக்ரோகிராம்தான். பெரியவரின் தட்டிலிருந்து சுறாவை ஒரு சிறு துண்டு எடுத்து ஊட்டினாலே வாரக் கணக்கு முடிந்துவிடும். குழந்தைக்குத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இவ்வளவு கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு அமெரிக்காவின் அந்த இரு அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட ஒரு பக்க அட்டவணை இருக்கிறது. 60-க்கும் மேற்பட்ட கடலுணவுகளை ‘மிக நல்லவை, நல்லவை, தவிர்க்கவேண்டியவை’ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். கருவுற்றவரும் பாலூட்டுபவரும் முதல் பட்டியலிலிருந்து வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று பரிமாறல்கள், அல்லது இரண்டாம் பட்டியலிலிருந்து ஒன்று. பெரியவருக்கு ஒரு பரிமாறல் என்பது சமைப்பதற்கு முன் சுமார் 113 கிராம். குழந்தைகளுக்கு முதல் பட்டியலிலிருந்து வாரம் இரண்டு முறை. அளவு 1 முதல் 3 வயது வரை சுமார் 28 கிராம், 4 முதல் 7 வரை 57, 8 முதல் 10 வரை 85, 11 வயதில் 113. இலவசமாகப் பதிவிறக்கலாம். அச்சிட்டுக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். உங்கள் நாட்டு அரசு தனியாக ஒன்றை வெளியிட்டிருந்தால் அதையே முதலில் பின்பற்றுங்கள், உங்கள் கடலில் கிடைக்கும் மீன்கள் அதில்தான் இருக்கும்.

4. நன்மையையும் அதே தாளில் எழுதுங்கள்

ஆபத்தை மட்டும் எண்ணிப் பார்த்தால் எந்த உணவையும் தொட முடியாது. மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களான ஈபிஏ, டிஎச்ஏ இரண்டும் வேறு உணவுகளில் இந்த அளவுக்குக் கிடைப்பதில்லை. அவற்றோடு பி12, செலினியம், அயோடின், கொழுப்பு மீன்களில் வைட்டமின் டி. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை மீன், முக்கியமாகக் கொழுப்பு மீன், சாப்பிடுவோருக்கு இதய நோயால் இறக்கும் அபாயம் சுமார் 36 சதவீதம் குறைவு என்று 2006-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு கணித்தது. அந்தத் தொகுப்பில் பெரும்பாலானவை மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், மருந்துச் சோதனைகள் சிலவே என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஈபிஏ, டிஎச்ஏ இரண்டும் சேர்த்து ஐரோப்பியப் பரிந்துரை நாளுக்கு 250 மில்லிகிராம், வாரத்துக்கு 1,750. மத்தி போன்ற கொழுப்பு மீனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் கிடைக்கும். இரண்டு வேளையிலேயே தேவை முடிந்துவிடும். திலாப்பியாவிலும் இறாலிலும் பாதரசமும் குறைவு, ஒமேகா-3-யும் குறைவு. அவை கெடுதல் இல்லை, ஆனால் அவற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு ‘மீன் சாப்பிட்டாயிற்று’ என்று கணக்கு முடிக்காதீர்கள். பொரித்த மீன் சாப்பிடுவோரிடம் இந்த இதய நன்மை ஆய்வுகளில் தெளிவாகத் தெரியவில்லை. குழம்போ, ஆவியில் வேகவைத்ததோ, சுட்டதோ மேல்.

5. சமையல் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது

நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் படி இது. “நன்றாக வேகவைத்தால் எல்லாம் போய்விடும்” என்ற நம்பிக்கை பாதிக்குத்தான் உண்மை.

வெப்பத்தால் தீருபவை: கிருமிகளும் ஒட்டுண்ணிகளும். மீனின் உட்பகுதி 63 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். சதை ஒளி ஊடுருவாமல் வெண்மையாகி, முள்கரண்டியால் தொட்டால் இதழ் இதழாகப் பிரிய வேண்டும். பச்சையாகச் சாப்பிடுவதற்கான மீன் என்றால் அமெரிக்க விதிப்படி ஒட்டுண்ணியைக் கொல்ல மைனஸ் 20 டிகிரியில் 7 நாள், அல்லது மைனஸ் 35-இல் உறையவைத்து அதே குளிரில் 15 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். பல வீட்டு உறைபெட்டிகள் மைனஸ் 20-ஐ நிலையாகத் தொடுவதில்லை. உறையவைப்பது ஒட்டுண்ணியைத்தான் கொல்லும், எல்லாக் கிருமிகளையும் அல்ல.

ஆளி, மட்டி போன்ற சிப்பியினங்கள் நீரை வடிகட்டி உண்பவை. நீரில் இருக்கும் விப்ரியோ கிருமியும் நோரோ வைரசும் அவற்றில் சேர்ந்துவிடும். விப்ரியோ வல்னிஃபிகஸ் தொற்று கடுமையானால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறக்கிறார், கல்லீரல் நோயாளிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். எலுமிச்சைச் சாறும் காரமான சாஸும் அதைக் கொல்லாது. ஓடு திறக்கும்வரை கொதிக்கவிட்டு, அதற்கு மேலும் 3 முதல் 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கருவுற்றவர்கள் பச்சை மீனோடு, குளிரூட்டி விற்கும் புகையிட்ட மீனையும் தவிருங்கள். லிஸ்டீரியா கிருமி குளிர்பதனப் பெட்டியிலும் வளரும். சமைத்த உணவில் சேர்த்துச் சூடேற்றினால் சாப்பிடலாம்.

வெப்பத்தால் தீராதவை நான்கு.

பாதரசம்: சதையின் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. கழுவினாலும், தோலை உரித்தாலும், எத்தனை நேரம் கொதிக்கவைத்தாலும் போகாது. தேர்வு ஒன்றே வழி.

ஹிஸ்டமின்: சூரை, கானாங்கெளுத்தி, மத்தி வகைகளைப் பிடித்த பிறகு குளிரில் வைக்காவிட்டால் பாக்டீரியா இதை உண்டாக்கும். ஒருமுறை உண்டாகிவிட்டால் சமைத்தாலும் உறையவைத்தாலும் டப்பாவில் அடைத்தாலும் அப்படியே இருக்கும். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு, தடிப்பு வரும். பலர் இதை மீன் ஒவ்வாமை என்று எண்ணி வாழ்நாள் முழுவதும் மீனை ஒதுக்கிவிடுகிறார்கள். மருத்துவரிடம் என்ன மீன், எங்கே, எப்போது சாப்பிட்டது, கூடச் சாப்பிட்டவர்களுக்கும் வந்ததா என்று சொல்லுங்கள். மீன் மிளகைப் போல நாக்கில் சுருக்கென்று இருந்தால் அந்த வாயோடு நிறுத்திவிடுங்கள்.

சிகுவடெரா: வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் வளரும் நுண்பாசியின் நஞ்சு. பெரிய களவா, செப்பிலி, ஷீலா வகைகளில் சேரும். மணமோ சுவையோ காட்டாது. குளிர்ந்த பொருள் சுடுவதுபோல் தோன்றுவது இதன் விசித்திரமான அறிகுறி.

பாசிப்பெருக்கின்போது சிப்பிகளில் சேரும் நஞ்சுகள்: அரசு ஓர் இடத்தில் சிப்பி எடுக்கத் தடை அறிவித்திருந்தால், நன்றாக வேகவைத்துவிடலாம் என்று துணியாதீர்கள்.

பிசிபி, டையாக்சின் போன்ற தொழிற்சாலை மாசுகள் இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. கொழுப்பில் தங்குபவை என்பதால் தோல், வயிற்றுக் கொழுப்பு, குடல் பகுதிகளை நீக்கி, கொழுப்பு வடியும்படி சுட்டால் ஓரளவு குறையும். ஆற்றிலும் ஏரியிலும் நீங்களே பிடித்த மீனுக்கு அந்த நீர்நிலை குறித்த அரசு எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் வாரத்துக்கு ஒரு பரிமாறல் போதும், அந்த வாரம் வேறு மீன் வேண்டாம் என்பது அமெரிக்க அறிவுரை. நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் பழுப்பு நிறப் பகுதியில் காட்மியம் சேரும் என்பதால் அதை வழக்கமாக்காதீர்கள்.

வாங்கியபின் நேரக் கணக்கும் முக்கியம். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே, ஓரிரு நாள்.

6. லேபிளையும் சீட்டையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பொட்டலத்தில் மூன்றைத் தேடுங்கள்: அறிவியல் பெயர், பிடித்த கடற்பகுதி அல்லது வளர்த்த நாடு, தேதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதப்படுத்தாத மீனுக்கு முதல் இரண்டும் கட்டாயம். மற்ற இடங்களில் கேட்டுத்தான் வாங்க வேண்டும், கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எம்எஸ்சி என்ற நீல முத்திரை அந்த மீன்வளம் அழியாமல் பிடிக்கப்படுகிறது என்பதற்கான சான்று. மாசைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ‘கடலில் பிடித்தது’ என்ற வரியும் அப்படியே. வாள்மீன்கூடக் கடலில் பிடித்ததுதானே.

சிப்பி வாங்கினால் அறுவடைச் சீட்டைக் கேளுங்கள். எங்கே, எந்த நாளில் எடுத்தது என்று அதில் இருக்கும். அமெரிக்காவில் உணவகங்கள் அந்தச் சீட்டை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதே விதி. கடைக்காரர் காட்டத் தயங்கினால் அன்றைக்குச் சிப்பி வேண்டாம்.

7. பரிசோதனை தேவையா, தேவையென்றால் எது?

பெரும்பாலோருக்குத் தேவையில்லை. பெரிய வேட்டை மீன்களை நெடுநாளாக வாரம் பலமுறை சாப்பிட்டவர், அதிலும் கருவுறத் திட்டமிடுபவர், மருத்துவரிடம் கேட்கலாம்.

கேட்கவேண்டியது ‘முழு இரத்தத்தில் பாதரசம்’. முடியிலும் பார்க்கலாம். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், வேரை ஒட்டிய முதல் சென்டிமீட்டர் கடந்த மாதத்தைக் காட்டும். சிறுநீர்ப் பரிசோதனை மீனால் வரும் மெத்தில் பாதரசத்தைச் சரியாகக் காட்டாது, அது பெரும்பாலும் மலத்தின் வழியே வெளியேறுகிறது. எங்களுக்கு ஓர் ஆய்வகம் முதலில் விற்கப் பார்த்தது சிறுநீரை மட்டும் வைத்து எடுக்கும் விலை உயர்ந்த ‘கன உலோகத் தொகுப்பு’தான். கேட்ட கேள்விக்குப் பதில் தராத சோதனைக்குப் பணம் கொடுக்காதீர்கள். தனிச் சோதனையாக எடுத்தால் செலவும் குறையும். மருந்து கொடுத்து உலோகத்தை வரவழைத்தபின் சிறுநீரை அளப்பவர்களிடமிருந்து விலகியே இருங்கள். அந்த எண்ணை ஒப்பிட நம்பகமான அளவுகோல் கிடையாது.

ஆர்செனிக் சோதனையும் சேர்த்து எழுதியிருந்தால், அதற்குமுன் சில நாட்கள் கடலுணவைத் தவிருங்கள். கடலுணவில் இருப்பது பெரும்பாலும் தீங்கு குறைந்த கரிம ஆர்செனிக். ஆனால் மொத்த எண்ணை அது உயர்த்திக்காட்டி வீணாகப் பயமுறுத்திவிடும். ஹிஜிகி என்ற கடற்பாசி விதிவிலக்கு, அதில் நச்சுத்தன்மையுள்ள கனிம ஆர்செனிக்கே அதிகம்.

இரத்தத்தில் மெத்தில் பாதரசம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 50 நாள் ஆகும். எட்டு மாதத்தில் பெரும்பகுதி வெளியேறிவிடும். ஆகவே கருவுற்ற செய்தி தெரிந்த பிறகு மீனை மாற்றுவதைவிட, திட்டமிடும்போதே மாற்றிவிடுவது நல்லது. மறுபரிசோதனையை அடுத்த வாரமே எடுத்தால் பணம்தான் போகும். இரண்டு மூன்று மாதம் கழித்து எடுங்கள்.

8. அளவு மீறினாலோ, மீனே பிடிக்காவிட்டாலோ

ஒரு வாரம் விருந்தில் அளவு கூடிவிட்டால் பதற வேண்டாம். வரம்புகள் நீண்டகாலச் சராசரிக்கானவை. அடுத்த வாரம் குறைத்துக்கொள்ளுங்கள்.

மீன் சாப்பிட முடியாதவர்களுக்கு மீன் எண்ணெய் மாத்திரையில் பாதரசம் மிகக் குறைவு. ஆனால் மீனின் மற்றச் சத்துகள் அதில் இல்லை, அதிக அளவில் எடுத்தால் சிலருக்கு இதயத்துடிப்புச் சீர்கேடு வரும் அபாயமும் கூடுகிறது. கருவுற்றவர்கள் மீன் ஈரல் எண்ணெயை வாங்கிவிடாதீர்கள், அதில் வைட்டமின் ஏ அதிகம், அளவுக்கு மிஞ்சினால் கருவைப் பாதிக்கும். சைவர்களுக்குப் பாசியிலிருந்து எடுத்த டிஎச்ஏ எண்ணெய் கிடைக்கிறது. மீன்களுக்கே ஒமேகா-3 அங்கிருந்துதான் வருகிறது. எதை வாங்கினாலும் புட்டியின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்ட ‘1,000 மில்லிகிராம்’ மொத்த எண்ணெயின் அளவாக இருக்கலாம். ஈபிஏ, டிஎச்ஏ எவ்வளவு என்பது பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். விலையை அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.